பத்து மணிக்கு ரெண்டு

எங்கள் ஊர்ப் பெருமாள் படுத்திருப்பவர்.
பள்ளிகொண்டா என்று ஊருக்கே அதனால்தான் பேர்.
அவரைச் சுற்றி வந்து கேட்டேன்:
என் வீட்டுக்காரருக்கும்
ஒரு பக்கமாவது படுக்கக் கொடு.

புற்று முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருந்தது.
இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிய முதுகு.
டோல்கேட்டில் வண்டி குலுங்கினால்
இங்கே முனிரத்தினத்துக்கு வலிக்கும்.
சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து
நின்றபடியே விடியும் அவருக்கு.

வேலூர் ஆஸ்பத்திரியில் மார்பின் என்றதும்
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
"அபின் ஜாதிதானே அது?
ரோட்ல பாத்துக்கீறேன் சிஸ்டர்.
தூக்கம் வராம ஓட்ட அத்தத் தின்னுட்டு
தாபா வாசல்ல கெடந்தவங்கள."

சிஸ்டர் எஸ்தர் ராணி மறுக்கவில்லை.
"அதே குடும்பம்தான்.
அவங்க கைக்கு வந்த அளவு தின்னாங்க.
நீங்க நாங்க எழுதித் தர்ற அளவு, எழுதித் தர்ற நேரம்.
இது வலிக்கு.
துக்கத்துக்கு இல்ல, தூக்கத்துக்கும் இல்ல."

காலை ஆறு, பத்து, ரெண்டு, சாயந்திரம் ஆறு.
ராத்திரி பத்து மணிக்கு மட்டும் ரெண்டாய்ச் சேர்த்து,
நடுச்சாமத்தில் அவரை எழுப்ப வேண்டாம் என்று.
ஒரு வேளை தவறினால்
அடுத்த வேளையில் ஈடுகட்டக் கூடாது.
வலி விட்டதே என்று நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.
வயிறு கட்டிக்கொள்ளும்,
அதற்கொரு மருந்து, தினமும், மறக்காமல்.

"சரக்கு?" என்று கேட்டார் சிஸ்டர்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"ஒரு மூடி கூடாது. வேறெங்கயும் தூக்க மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது."

மூன்று நாள் குமட்டல். சோற்றுத் தட்டின் மேலேயே தூங்கி விழுந்தார்.
நாலாம் நாள் ராத்திரி
வலது பக்கமாய், முழங்காலை மடக்கி,
படுத்தார்.

அவரை எழுப்ப வேண்டாமென்றுதான் சொன்னார்கள்.
நான் எழுந்தேன்.
ரெண்டு மணிக்கு, செல்போன் வெளிச்சத்தில்,
பனியன் ஏறி இறங்குவதை எண்ணினேன்.
நிமிஷத்துக்குப் பதினாலு.
எட்டுக்குக் கீழே போய்
உலுக்கியும் கண் திறக்காவிட்டால் நூற்றெட்டைக் கூப்பிடு என்று
காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.
பதினாலு. பதிமூணு. பதினாலு.

மாத்திரை இருந்தது அவருடைய டூல்ஸ் பெட்டியில்,
ஜாக்கி ராடுக்கும் ஸ்பானருக்கும் நடுவில், பூட்டி.
சாவி என் தாலியில், ஊக்கு போட்டு.

கொழுந்தன் ஏகாம்பரம் கல் குவாரியில் வேலை.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. அண்ணனுக்குத்தான் இம்மாம் இருக்கே."
"அவரு உடம்புக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தினது.
உன் மூச்சை நிறுத்திப்புடும், போ."
"இன்னா அண்ணி, கஞ்சத்தனமா?"
ஒன்றரை மாசம் படி ஏறவில்லை.
கட்டிலில் இருந்தவர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.
அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு
ரெண்டையும் விழுங்கிவிட்டு
சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மாசியில், ஒரு புதன்கிழமை,
வலியில்லாமல்தான் போனார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

பத்தொன்பது மாத்திரை மீதி.
குப்பையில் போட மனசில்லை, போடவும் கூடாது.
காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறினேன்.
சிஸ்டர் ரெண்டு தடவை எண்ணினார்,
நோட்டில் எழுதினார், கையெழுத்துக் கேட்டார்.
முனிரத்தினம் என்று எழுத ஆரம்பித்து
அடித்து, என் பேரைப் போட்டேன்.
கூட வந்த ஏகாம்பரம்
பக்கத்துக் கட்டடத்தில் தன் இடுப்புக்கு
டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றான். என்னிடம் சொல்லவில்லை.

இப்போதும் ரெண்டு மணிக்கு விழிப்பு வருகிறது.
டோல்கேட்டில் லாரிகள்
பிரேக்கின் காற்றை உஸ்ஸென்று விட்டு விட்டு நகர்கின்றன.
பதினாலு வரை எண்ணிவிட்டு
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.